பதினொன்று புள்ளி எட்டு

முப்பத்து மூன்று வருஷமாக ஒரு பலகை கோச்சம்மாவை முறைத்துக்கொண்டிருந்தது. பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேல், கறுப்பு மரத்தில் வெள்ளை எழுத்து. சாதனைப் பலகை. பெண்கள் பகுதியில் முதல் வரி: நூறு மீட்டர், 11.8 விநாடி. பக்கத்தில் இருக்கிற பெயர் கோச்சம்மாவின் அண்ணியுடையது.

அந்த வரி வருவதற்கு முன் அங்கே இருந்தது 12.0. அது கோச்சம்மாவுடையது. ஒரே ஒரு வருஷம் இருந்தது. பெயிண்ட் காய்வதற்குள் அழித்துவிட்டார்கள் என்பாள். அது கொஞ்சம் மிகைதான், ஆனால் வயிற்றெரிச்சலுக்குக் கணக்குப் பார்த்துப் பேசத் தெரியுமா என்ன?

அண்ணி அண்ணியான கதை தனிக் கூத்து. அந்த வருஷம் கோச்சம்மா கணுக்கால் பிசகியதால் ஓடவில்லை. கட்டுப் போட்ட தங்கையை ஸ்கூட்டரில் ஏற்றிப்போக வந்த அண்ணன், கோப்பையோடு நின்றவளைப் பார்த்தான். தங்கையை மைதானத்திலேயே மறந்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்தான். இரண்டு வருஷத்தில் கல்யாணம். அதுவரை "வாடி, போடி" என்று கூப்பிட்டவளை மறுநாளிலிருந்து "வாங்க அண்ணி" என்று கூப்பிட வேண்டியதாயிற்று. சாதனை பறிபோனதைவிட அந்த "வாங்க"தான் தொண்டையில் அதிகம் சிக்கியது.

கோச்சம்மாவின் சந்தேகம் இதுதான். அந்தக் காலத்தில் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டவர் அண்ணியின் தாய்மாமா. தாய் தகப்பன் இல்லாத தங்கை மகளைத் தூக்கி வளர்த்தவரும் அவரே. எல்லாரும் அவரைக் கோட்டுக்காரர் என்பார்கள். புதிதாக வருகிறவர்கள் கோட்டு மாட்டிய பெரிய மனிதர் ஒருவரைத் தேடி ஏமாந்து, முழங்கால் வரை சுண்ணாம்போடு நிற்கிற இவரிடம் வந்து சேருவார்கள். அவர் கோடு போட்ட இடம்தான் தொடக்கம். ஓடுகிறவளோ அவர் வளர்த்த பிள்ளை. கோட்டை இரண்டு மீட்டர் முன்னால் தள்ளிப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

11.8 என்பதைக் கோச்சம்மாவே கண்ணால் பார்த்தாள். அன்றைக்கு ஒரு ஸ்டாப்வாட்ச் அவள் கையிலும் இருந்தது. முள் பொய் சொல்லாது. ஆகவே பொய் சொன்னது தரை. இப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள். அன்று மாலையே ஈட்டி எறிகிற தோழியிடம் சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று சொல்லித்தான் சொன்னாள். அப்படிச் சொல்லிச் சொன்ன பேச்சு எத்தனை வாசல் ஏறும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சந்தேகத்துக்கு உரம். அண்ணி மறு வருஷம் வெளிப் போட்டியில் ஓடியது 12.3. அடுத்தது 12.4. பிறகு ஓட்டத்தையே விட்டுவிட்டாள். பெற்ற மகளாக வளர்த்த மாமாவோடும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். இன்னொன்றும் உண்டு. இந்தப் பல்கலைக்கழகத்தில் ஆண்டு விழா ஓட்டங்களின் கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பவர் சாதனை வைத்திருப்பவராகத்தான் இருக்க வேண்டும், அது மரபு. முப்பத்து மூன்று அழைப்பிதழ் போயும் அண்ணி ஒருமுறைகூட மணியடிக்க வரவில்லை. மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம் என்று கோச்சம்மா பலகையைப் பார்த்துக் கேட்டுக்கொள்வாள்.

இந்த வருஷம் விளையாட்டுத் துறைக்கு நூறு வயது. மரப்பலகையை இறக்கிவிட்டுக் கல்லில் சாதனைகளைச் செதுக்கப்போகிறார்கள். சரிபார்க்கும் குழுவில், அங்கேயே பயிற்சியாளராக இருக்கிற கோச்சம்மாவையும் சேர்த்து மூன்று பேர். மற்ற இருவரும் கையெழுத்துக்கு, வேலைக்குக் கோச்சம்மா. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் பட்டியல் கல் செதுக்குபவரிடம் போக வேண்டும். மரத்தில் எழுதியதைத் துடைக்கலாம், கல்லில் செதுக்கியதை என்ன செய்வது? 11.8 பொய் என்று நிரூபித்தால் அது நீங்கும். நீங்கினால், இடையில் யாரும் பன்னிரண்டைத் தொடாததால், விதிப்படி அங்கே ஏறுவது 12.0. ஆசை இல்லை என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை பொருள் அறையில், காற்றுப் போன பந்துகளுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியில் அந்தத் தாள் கிடைத்தது. நேரம் பார்த்த மூன்று பேர். ஈட்டித் தோழி: 11.8. கோச்சம்மா: 11.8. கணிதப் பேராசிரியர்: 12.1. இரண்டு ஒத்துப்போனால் மூன்றாவதைத் தள்ளிவிட வேண்டும், அதுதான் விதி. தள்ளிவிட்டார்கள். ஆனால் பேராசிரியரின் எண்ணுக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் ஒரு சொல் இருந்தது.

"சத்தம்?"

கோச்சம்மாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. என்ன சத்தம்? ஏதாவது வாய்ச்சண்டை நடந்ததா? கோட்டைப் பற்றி யாரோ கேட்டு, கோட்டுக்காரர் சத்தம் போட்டாரா? இல்லை, சத்தம் போடாதே என்று யாராவது பேராசிரியரின் வாயை அடைத்தார்களா? பேராசிரியரைக் கேட்கலாம் என்றால் அவர் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. கோட்டுக்காரர் போய் ஏழு வருஷம். அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, அண்ணி அவங்க மாமாகிட்ட ஏன் பேச்சை நிறுத்தினாங்க?"

"இப்ப எதுக்கு அது?"

"சும்மா கேட்டேன்."

"நீ சும்மா கேட்டு நான் பார்த்ததே இல்ல. அதையெல்லாம் கிளறாதேம்மா. ரெண்டு பக்கமும் அடி வாங்குற மத்தளம் நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

போனை வைத்துவிட்டான். அவன் குரல் ஒரு மாதிரி இருந்ததையும் கோச்சம்மா குறித்துக்கொண்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சந்தேகம் பிடித்தவளுக்கு அண்ணன் இருமினால்கூட சாட்சியம்.

புதன்கிழமை காலை பழைய மைதானத்துக்குப் போனாள். இப்போது ஓட்டமெல்லாம் புதிய செயற்கைத் தளத்தில்தான். பழையதில் புல் மண்டிக் கிடந்தது. கோட்டுக்காரர் தொடக்கத்திலும் முடிவிலும் கான்கிரீட்டில் பதித்த இரும்பு முளைகள் மண்ணுக்கடியில் இருக்கும் என்று இப்போதைய மைதானப் பணியாளர் சொன்னார். அவருக்குப் பெயரே சுண்ணாம்பு; அவர் அப்பா கோட்டுக்காரரிடம் எடுபிடியாக இருந்தவர். அரை மணி நேரம் தோண்டி இரண்டு முளைகளையும் வெளியே காட்டினார். இரும்பு நாடாவை இழுத்துப் பிடித்தார்கள்.

"நூறு மீட்டர் ரெண்டு சென்டி மேடம்."

"திரும்ப அளங்க. நாடா தொய்ஞ்சிருக்கும்."

திரும்ப அளந்தார்கள். நூறு மீட்டர் இரண்டு சென்டி.

"பெரியவர் எப்பவும் ரெண்டு சென்டி கூடத்தான் விடுவாராம் மேடம். எங்கப்பா சொல்வாரு. 'கூடினா ஓடுறவனுக்குக் கால் வலி, குறைஞ்சா எனக்கு மானக்கேடு'ம்பாராம்."

கோச்சம்மா நம்பினாளா? முளை யோக்கியமாக இருக்கலாம், அன்றைக்குச் சுண்ணாம்பு எங்கே விழுந்தது என்று முளைக்கு என்ன தெரியும்? அறைக்குத் திரும்பிப் பழைய தாளைப் புரட்டினாள். பின்பக்கத்தில் ஆண்கள் நூறு மீட்டர். அதே கோடு, அதே நாள். கோடு இரண்டு மீட்டர் முன்னால் விழுந்திருந்தால் அவர்களும் பறந்திருக்க வேண்டும். முதலில் வந்தவன் ஓடியது 11.1. அவன் வழக்கமாக ஓடுவது 11.0. கோட்டுக்காரரின் மீது கிடந்த கடைசிப் பிடியும் அதோடு நழுவியது. அப்படியென்றால் 11.8 எங்கிருந்து வந்தது? அண்ணி நிஜமாகவே ஓடினாளா? அந்த நினைப்பு கோச்சம்மாவைச் சாப்பிட விடவில்லை.

வியாழக்கிழமை மாலை ஆண்டு விழாவுக்குத் தன்னார்வலர்களைப் பழக்க வேண்டியிருந்தது. அதுவும் இங்கே ஒரு மரபு. அந்த வருஷம் அடிபட்டு ஓட முடியாமல் போனவர்கள் ஓரத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தக் கூடாது என்று அவர்கள் கையில் ஸ்டாப்வாட்ச்சைக் கொடுத்துவிடுவார்கள். "காலில் கட்டு, கையில் கடிகாரம்" என்று அதற்குச் சொலவடையே உண்டு. இன்றைக்கு மின்கருவி நேரம் பார்த்தாலும் மரபை விடவில்லை. நூற்றாண்டு மலரில் மரபுகள் பற்றிய கட்டுரையைக் கோச்சம்மாதான் எழுதியிருந்தாள். இதைப் பற்றி இரண்டு பத்தி புகழ்ந்திருந்தாள். அந்தக் காலத்தில் ஆண்கள் ஓட்டத்துக்கு ஆசிரியர்களும், பெண்கள் ஓட்டத்துக்குப் பெரும்பாலும் கட்டுப் போட்டவர்களும் நேரம் பார்த்தார்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. விழா நேரத்தில் அது எதற்கு?

முழங்காலில் கட்டோடு ஒரு மாணவி. தோளில் கட்டோடு இன்னொருத்தி. கூடவே கோச்சம்மா. நூறு மீட்டருக்கு அப்பால் மைதானப் பணியாளர் சுண்ணாம்பு, தொடக்கத் துப்பாக்கியைத் தூக்கினார். ஒரு பெண் ஓடி வந்து கோட்டைக் கடந்தாள். கோச்சம்மாவின் வாட்ச்சில் 12.9. தோள்கட்டுக்காரியிடமும் 12.9. முழங்கால்காரியிடம் 12.6.

"உன்னோடது எப்படிம்மா இவ்வளவு குறையுது?"

"தெரியல மேடம். நான் கரெக்டா அமுக்கினேன். சத்தம் கேட்ட நிமிஷமே அமுக்கிட்டேன், ஒரு துளி லேட் இல்ல."

கோச்சம்மா இருபத்தைந்து வருஷமாகச் சொல்கிற பாடத்தை ஆரம்பித்தாள். "இங்கதான் தப்பு. துப்பாக்கி அங்க வெடிக்குது, நீ இங்க நிக்கிறே. சத்தம் நூறு மீட்டர் தாண்டி உன் காதுக்கு வர்றதுக்குள்ள அவ ஓட ஆரம்பிச்சிடுவா. விநாடியில பத்துல மூணு பங்கு காணாமப் போயிடும். புகை தெரிஞ்ச உடனே அமுக்கணும். புகையைப் பாரு. சத்தத்தை..."



சத்தம்?

12.1. 11.8. பத்தில் மூன்று பங்கு. கேள்விக்குறியோடு அந்த மனிதர் பென்சிலில் கேட்டிருந்தது சண்டையை அல்ல. இந்தப் பிள்ளைகள் சத்தத்துக்கு அமுக்கினார்களா என்று கேட்டிருந்தார். யாரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டியவளிடம் தாள் வந்து சேர முப்பத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது.

இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. அன்றைக்குக் கூட்டத்திலிருந்து அவளையும் தோழியையும் கைகாட்டிக் கூப்பிட்டு ஆளுக்கொரு வாட்ச்சைத் திணித்தார்கள். யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. கட்டைவிரல் வழுக்கிவிடுமோ என்று அவள் குனிந்து பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். படார் என்றது. அமுக்கினாள். புகையைப் பற்றி மறு வருஷம் பயிற்சி வகுப்பில்தான் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டதும் பிறவியிலேயே தெரியும் என்பதுபோல மற்றவர்களுக்குச் சொல்லித்தரத் தொடங்கிவிட்டாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவளுக்குத் தன் கட்டைவிரலே தெரியவில்லை.

"மேடம், தண்ணி வேணுமா?" என்று முழங்கால்காரி கேட்டாள். கோச்சம்மா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மைதானத்திலேயே உட்கார்ந்தாள். வெட்கமாக இருந்தது. இந்த வயதில் வெட்கப்படுவது உடம்பு வலிபோல இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அண்ணியின் மருந்துக் கடைக்குப் போனாள். அண்ணி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு மாத்திரை அட்டைகளைக் கத்தரித்து உறையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன, வேலை நேரத்துல? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல அண்ணி. ஒண்ணு சொல்லணும். கொஞ்சம் உக்காருங்க."

"உக்கார்ந்தா கடை ஓடாது. சொல்லு."

கோச்சம்மா தாளை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். எந்த டாக்டர் கிறுக்கினாலும் படித்துவிடுகிற கண் அது. பென்சில் சொல்லை உடனே பிடித்துவிட்டது. கோச்சம்மா சொன்னாள். புகை, சத்தம், கட்டைவிரல், பத்தில் மூன்று, நான்கு மணிக்குள் கொடுக்க வேண்டிய சரிபார்ப்புப் படிவம். சொல்லச் சொல்ல அண்ணியின் கத்தரிக்கோல் நின்றது. அவள் கோபப்படுவாள், கோபப்பட்டால் நல்லது என்று கோச்சம்மா காத்திருந்தாள்.

"கோடு?" என்றாள் அண்ணி.

"கோடு சரியாத்தான் இருந்திருக்கு. முளையைத் தோண்டி அளந்தேன். நூறு மீட்டர் ரெண்டு சென்டி."

"ரெண்டு சென்டி கூடவா, குறையவா?"

"கூட."

அண்ணி மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தாள். வாசலில் ஒருவர் இருமல் மருந்து கேட்டார். அவள் திரும்பவில்லை. கோச்சம்மாவே எழுந்துபோய், கொஞ்ச நேரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பினாள்.

"மாமா கோட்டைத் தள்ளிப் போட்டுட்டாருன்னு அப்ப ஒரு பேச்சு வந்துச்சு," என்றாள் அண்ணி. "கான்டீன்ல, ஹாஸ்டல்ல, எல்லா இடத்துலயும். நான் முதல்ல சிரிச்சேன். அப்புறம் எவ்வளவு ஓடினாலும் பன்னிரண்டுக்குக் கீழ வரல. எனக்கே தோண ஆரம்பிச்சிடுச்சு, அது நான் ஓடினது இல்ல, மாமா போட்டதுன்னு. நேரா போய்க் கேட்டேன். கையெல்லாம் சுண்ணாம்பு. 'இல்லம்மா'ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. நான் நம்பல."

"அண்ணி..."

"இரு. இருபத்தஞ்சு வருஷம் அவர்கிட்ட பேசல. கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'கூடத்தான் விட்டேன், குறைக்கல'ன்னாரு. திரும்பத் திரும்ப அதையே சொன்னாரு. என்னன்னே எனக்குப் புரியல. வலிக்கு ஊசி போட்டிருக்காங்க, உளறுறாருன்னு நர்ஸ்கிட்ட சொன்னேன். நானே மருந்து படிச்சவ இல்லையா."

அவள் அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பேச்சை யார் கிளப்பினாங்கன்னு மட்டும் இன்னிக்கு வரைக்கும் தெரியல."

கோச்சம்மா ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் தயாராக வந்திருந்தாள். இன்னொன்று இருப்பது இந்த நிமிஷம் வரை அவளுக்கே தெரியாது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தோழி வெளிநாட்டில் இருக்கிறாள், அவளுக்கு ஞாபகமும் இருக்காது. தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போய் முடிகிற வரை காத்திருந்தாள்.

"நான்தான்," என்றாள்.

அண்ணி வெகுநேரம் அவளைப் பார்த்தாள். முப்பத்து மூன்று வருஷமாகப் பலகை முறைத்ததெல்லாம் ஒரு முறைப்பே இல்லை என்று கோச்சம்மாவுக்கு அப்போது தெரிந்தது.

"படிவத்தை எடு," என்றாள் அண்ணி.

எடுத்தாள்.

"எழுது. ஓட்டப்பாதை சரியான அளவுல இருந்துச்சுன்னு. முதல்ல அதை எழுது."

கோச்சம்மா குறிப்புக் கட்டத்தில் எழுதினாள். ஓட்டப்பாதை சரியான அளவில், இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாகவே இருந்தது. கோடு போட்டவர் மீது எந்தப் பிழையும் இல்லை. நேரம் பார்த்தவரின் பிழை. நேரம் பார்த்தவர் என்ற இடத்தில் தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டாள். 11.8 மீது கோடு கிழித்தாள். பக்கத்தில் இன்னும் ஒரு கட்டம் காலியாக இருந்தது. கல்லில் ஏற வேண்டிய நேரம், பெயர். பேனா அங்கே போகவில்லை.

"ஏன் நிறுத்திட்டே?"

"அண்ணி, அது காலியாவே இருக்கட்டும். அந்த 12.0 வேண்டாம் எனக்கு."

"வேணும், வேண்டாம்னு சொல்ல நீ யாரு? அதுக்கு முந்தின வருஷம் ஆசிரியர்ங்க நேரம் பார்த்தாங்க. நீ ஓடினது நிஜம்." அண்ணி எழுந்து கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். "போடுடி. அதுவும் எங்க மாமா போட்ட கோட்டுலதானே ஓடினே."

கோச்சம்மா குனிந்து 12.0 என்று எழுதினாள். இருமல் மருந்து கேட்டவர் திரும்பி வந்திருந்தார். அண்ணி அவரிடம், எத்தனை நாளாக இருமல் என்று விசாரித்தாள்.